ஒருமொழி அறிவும் பன்மொழிப் பயிற்சியும்



கொச்சி நகரின் கலூர்ப் பகுதியில் ஒரு மெட்ரோ ரயில் நிலையம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அது திறக்கப்பட்டது. அதன் பெயர்ப்பலகையில் ஊர்ப்பெயர் மலையாளம், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாலைப்பொழுதில், பத்து வயது நிரம்பிய எங்கள் மகள் அப்பலகையின் முன் நின்று, மூன்று எழுத்திலும் 'கலூர்', 'கலூர்', 'கலூர்' என்று தடையின்றிப் படித்தாள். உடன் நின்ற நாம் பெருமிதம் கொண்டோம்.

அப்பெருமிதம் அன்றிரவு வரையிலும் நிலைக்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து அவளுடைய ஆச்சி எழுதிய கடிதம் வீட்டில் காத்திருந்தது. உறையின்மேல் பேத்தியின் பெயர் இருந்தது. குழந்தை அதை ஆவலோடு பிரித்தாள், இரண்டு பக்கங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு, "அப்பா, ஆச்சி என்ன எழுதியிருக்காங்க? படிச்சுச் சொல்லுங்க" என்று நம்மிடம் நீட்டினாள்.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பு நமக்குத் தொழில். ஒரு மொழி அறியாதார்க்கு அம்மொழிச் செய்தியை எடுத்துரைப்பதற்காகவே நாம் ஊதியம் பெறுகிறோம். ஆயின் அன்றிரவு, நம்மைப் பெற்ற தாய்க்கும் நாம் பெற்ற மகளுக்கும் இடையே, இருவரும் பேசுகின்ற ஒரே மொழிக்கு, நாம் மொழிபெயர்ப்பாளராய் உட்கார்ந்திருந்தோம்.

பிழை குழந்தையினுடையதன்று. அவள் பள்ளியில் சேர்ந்த காலத்தில் நாங்கள் செய்த முடிவு அது. மலையாளம், ஆங்கிலம், இந்தி என மூன்று மொழிகளைப் பள்ளி சுமத்துகிறது. அவற்றோடு தமிழ் எழுத்தையும் கற்பித்தால் பாரம் நான்காகிவிடும். வீட்டில் தமிழ் பேசினாலே போதும் என்று எண்ணினோம். மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் வாழ்கின்ற நேயர்களுள் பலரும் இதே கணக்கைப் போட்டிருப்பீர்கள். அக்கணக்கு பிழையானது என்பதை நாம் கண்டுகொண்ட வரலாறே இன்றைய பேச்சு.

நான்கு மொழிகளைக் கற்பது நான்கு மூட்டைகளைச் சுமப்பது போன்றது என்று கருதுகிறோம். மூட்டையோடு மூட்டை சேர்ந்தால் சுமை மிகும் என்பது மெய்தான். ஆனால் அறிவு எல்லா இடத்திலும் மூட்டையாக இருப்பதில்லை. இனமான கலைகளுக்கு அடித்தளம் ஒன்றாக இருக்குமானால், முதற்கலையைக் கற்கும்போதே மற்றவற்றின் ஒரு பகுதியையும் சேர்த்துக் கற்றுவிடுகிறோம். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் இசைக்கலையே சான்றாகும்.

கருநாடக இசை பயில்கின்ற சிறுவன் எங்கே தொடங்குகிறான்? மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்த சரளி வரிசையில் தொடங்குகிறான். பின்னர் ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் என்று ஏறிச் செல்கிறான். வாய்ப்பாட்டுப் பயில்பவனுக்கும் இதுவே பாடம். வீணை பயில்பவனுக்கும் இதுவே பாடம். வயலினுக்கும் குழலுக்கும் இதுவே பாடம். ஆதலின் வாய்ப்பாட்டை முறையாகப் பயின்ற ஒருவன் பின்னர் வீணையை மடியில் வைக்கும்போது, புதிதாகக் கற்க வேண்டியது விரல் வைக்கும் இடமும் மீட்டும் முறையுமே. சுரமும் தாளமும் கமகமும் அவனுக்கு முன்னமே சொந்தம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், மேனாட்டுக் கருவியாகிய வயலினை நம் இசைக்குப் பழக்கிக் கொண்டதும் இவ்வாறே. கருவி புதிது, அதன்மேல் அமர்ந்த இலக்கணம் பழையது.

தாளக் கருவிகளிலும் இதே நிலைதான். சொற்கட்டு என்பது மிருதங்கத்துக்கும் கஞ்சிராவுக்கும் கடத்துக்கும் முகர்சிங்குக்கும் பொதுவானது. பரதநாட்டிய ஜதிக்கும் அதுவே உறவு. புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையும், பழனி சுப்பிரமணிய பிள்ளையும், மிருதங்கம், கஞ்சிரா ஆகிய இரண்டிலும் பெரும் புகழ் எய்தினர். இரு கருவிகளுக்கும் கணக்கு ஒன்றாயிருந்தமை அதற்குத் துணை நின்றது.

மொழிக்கல்விக்கும் இவ்வுண்மை பொருந்துமா? பொருந்தும் என்பதைத் தெருவிலேயே காணலாம். கலூர் என்ற பெயரையே எடுத்துக் கொள்ளுங்கள். அதன் ஈற்றில் நிற்கும் 'ஊர்' என்ற சொல் நம்முடையது. கேரளத்தில் கண்ணூர், குருவாயூர். கன்னட நாட்டில் மங்களூரு, மைசூரு. ஆந்திரத்தில் நெல்லூரு, குண்டூரு. நான்கு மாநிலங்களின் பெயர்ப்பலகைகளிலும் அச்சொல் நமக்குக் கைகாட்டிக் கொண்டே நிற்கிறது.

ஆயினும் தனித்தனிச் சொற்கள் ஒத்திருப்பதால் மட்டும் பெரும்பயன் விளைந்துவிடாது. ஒற்றுமை எந்த முறையில் அமைந்திருக்கிறது என்பதை அறிய வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் ஒரு சில சொற்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். நம் 'மலை' அவர்களுக்கு 'மல'. 'தலை' அவர்களுக்கு 'தல'. 'இலை' அவர்களுக்கு 'இல'. 'வாழை' அவர்களுக்கு 'வாழ'. நான்கு சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. சொல்லின் இறுதியில் நமக்கு ஐகாரம் வருமிடத்தில் அவர்களுக்கு அகரம் வரும் என்ற ஒரு விதியை அறிந்தால், நாற்பது சொற்கள் தாமே வந்து சேரும்.

இன்னொரு விதியைக் காண்போம். ங்க, ஞ்ச, ந்த என மெல்லினத்தை அடுத்து வல்லினம் வருமிடத்தில், வல்லினம் கரைந்து மெல்லினமே இரட்டிப்பது மலையாளத்தின் இயல்பு. ஆகவே மாங்காய் 'மாங்ங' ஆகிறது. தேங்காய் 'தேங்ங' ஆகிறது. மஞ்சள் 'மஞ்ஞள்' ஆகிறது. கஞ்சி 'கஞ்ஞி' ஆகிறது. வந்து 'வந்நு' ஆகிறது. விதிக்குப் புறனடையும் உண்டு. இஞ்சி அங்கும் இஞ்சியே, நெஞ்சும் மாறவில்லை. எனினும் புறனடைகள் சில. விதி வழிப்பட்டவை பல.

மூன்றாவது விதி, நம் பேச்சு வழக்கை அறிந்தோர்க்கு வியப்பூட்டுவது. 'படித்து' என்பது மலையாளத்தில் 'படிச்சு'. 'நினைத்து' என்பது 'நினச்சு'. 'அடித்து' என்பது 'அடிச்சு'. இவை நம் வீட்டுத் திண்ணையில் நாள்தோறும் கேட்கின்ற சொற்கள் அல்லவா? நாம் எழுதும்போது விலக்குகின்ற வடிவத்தை அவர்கள் ஏட்டில் ஏற்றிக் கொண்டார்கள். நான்காவதாக, வினைமுற்று. வந்தேன், வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று நாம் இடமும் பாலும் காட்டி முடிக்கிறோம். மலையாளத்தில் அவ்விகுதிகள் உதிர்ந்துவிட்டன. ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு. எல்லோர்க்கும் ஒரே முற்று. தமிழறிந்தவன் மலையாள வினையைக் கற்கும்போது, புதிதாக ஒன்றைச் சேர்ப்பதை விட, உள்ளதில் ஒன்றைக் கழற்றி வைப்பதே அவனுக்கு வேலை.

இவை நாம் கண்டுபிடித்த விதிகள் அல்ல. ஏ. ஆர். ராஜராஜ வர்மா, 1896-இல் வெளியிட்டு 1917-இல் திருத்திப் பதிப்பித்த 'கேரள பாணினீயம்' என்னும் மலையாள இலக்கண நூலில், இத்தகைய மாற்றங்களை ஆறு நயங்களாக வகுத்துக் காட்டினார். மெல்லினம் மிகுதல், தகரம் சகரமாதல், இடமும் பாலும் காட்டும் விகுதி ஒழிதல் ஆகியவை அவற்றுட் சில. மலையாளம் தமிழுக்கு மகளா, தங்கையா என்ற வழக்கை அறிஞர்களிடமே விட்டுவிடுவோம். மகளாயினும் தங்கையாயினும் முகச்சாயல் ஒன்றே. கற்பவனுக்கு அச்சாயலே முதல்.

இச்சாயலைக் கைவிளக்காகக் கொண்டு நடந்த ஒருவரின் வரலாறு கேரளத்தில் எல்லோரும் அறிந்தது. ஜெர்மனியில் 1814-இல் பிறந்த ஹெர்மன் குண்டர்ட், 1836-இல் சென்னையில் வந்திறங்கினார். திருநெல்வேலியிலும் சித்தூரிலும் தங்கியிருந்த காலத்தில் தமிழில் பழகினார். 1838-இல் மங்களூர் சென்றார். மறு ஆண்டு தலச்சேரியில் குடியமர்ந்தார். மலையாளத்துக்கு இலக்கணம் ஒன்றை 1851-இலும், மலையாள–ஆங்கில அகராதி ஒன்றை 1872-இலும் வெளியிட்டார். அந்த அகராதியைப் புரட்டினால், மலையாளச் சொல்லின் அருகே அதற்கு உறவான தமிழ், கன்னட, துளு, தெலுங்குச் சொற்களைப் பல இடங்களில் அவர் சுட்டியிருப்பதைக் காணலாம். ஒரு மொழிக்கு அகராதி செய்யப் புகுந்தவர், நான்கு மொழிகளின் உறவை அறிந்தே அதைச் செய்தார்.

அவருக்கும் முன்னரே சென்னையில் இவ்வழி திறக்கப்பட்டது. ஆங்கில அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகளைக் கற்பிப்பதற்காக 1812-இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி அமைந்தது. தமிழ் வழங்கும் மாவட்டத்திலிருந்து தெலுங்கு வழங்கும் மாவட்டத்துக்கு மாற்றப்படும் அதிகாரி மீண்டும் அடியிலிருந்து தொடங்க வேண்டுமா என்பது அங்கே வெறும் புலமைக் கேள்வியன்று; நிருவாகத்தின் கேள்வி. அக்கல்லூரியோடு தொடர்புடைய எல்லிஸ் துரை, காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு 1816-இல் முன்னுரை வரைந்தபோது, தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை வரிசைப்படுத்தி வைத்து, இவை ஓரினம் என்று நிறுவினார். கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தை 1856-இல் வெளியிட்டது இதற்கு நாற்பது ஆண்டுகள் கழித்தே.

கன்னட நாட்டிலும் தெலுங்கு நாட்டிலும் வாழும் நேயர்கள் இவ்விதிகளை இன்றே சோதித்துப் பார்க்கலாம். நம் சொல்லின் முதலில் பகரம் இருந்தால், கன்னடத்தில் அவ்விடத்தில் ஹகரத்தைத் தேடுங்கள். பால் 'ஹாலு', பல் 'ஹல்லு', பத்து 'ஹத்து', புலி 'ஹுலி', பெயர் 'ஹெசரு'. பழங்கன்னடத்தில் பகரமாகவே இருந்து, பின்னாளில் மாறியவை இவை. அடுத்து, நம் சிறப்பெழுத்தாகிய ழகரத்தைப் பாருங்கள். கோழியும் ஏழும் மலையாளத்தில் அப்படியே கோழி, ஏழு. கன்னடத்தில் கோளி, ஏளு. தெலுங்கில் கோடி, ஏடு. ஓரெழுத்து மூன்று வீடுகளில் மூன்று உடை உடுத்தி நிற்கிறது. உடையை அறிந்தால் ஆளை அறியலாம்.

இந்தி வழங்கும் நகரங்களில் வாழ்வோர், இவ்வுறவு எங்களுக்கு எப்படிப் பயன்படும் என்று கேட்கலாம். இந்தி வேறு குடும்பத்து மொழிதான். எனினும் அங்கேயும் அடித்தளத்தின் ஒரு பகுதி நமக்குப் பொதுவாக அமைந்திருக்கிறது. முதலாவது, நெடுங்கணக்கு. உயிர் முன்னே, மெய் பின்னே. மெய்யெழுத்துக்கள் தொண்டையில் தொடங்கி உதடு வரை க, ச, ட, த, ப என்று நடந்து வருவது, நம் எழுத்துக்கும் நாகரிக்கும் வங்க எழுத்துக்கும் தென்னாட்டு எழுத்துக்களுக்கும் ஒன்றே. ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே அவர்களுக்கு இன்னும் மூன்று எழுத்துக்கள் உண்டு. தமிழ் நெடுங்கணக்கை வரிசையாக அறிந்த குழந்தைக்கு வீடு பழகிய வீடுதான். மூன்று அறைகள் மட்டும் புதியவை.

இரண்டாவது, வாக்கிய அமைப்பு. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை இரு மொழிக்கும் ஒன்று. 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோம். இந்தியிலும் 'முஜே பூக் லகீ ஹை' என்று நான்காம் வேற்றுமையிலேயே தொடங்குகிறார்கள். 'உண்டுவிட்டுப் போனான்' என்று நாம் வினையெச்சம் வைப்பது போலவே, 'காகர் கயா' என்று அவர்களும் வைக்கிறார்கள். எமனோ என்னும் அறிஞர் 1956-இல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில், வேறு வேறு குடும்பத்து மொழிகளும் நெடுங்காலம் அடுத்தடுத்து வாழ்ந்தமையால் பொதுப்பண்புகளைப் பெற்றுவிட்ட ஒரு மொழிப்பரப்பாக இந்தியா விளங்குவதை எடுத்துக்காட்டினார்.

ஆயின் அடித்தளம் எங்கே முடிகிறது என்பதையும் குழந்தைக்குச் சொல்லிவிட வேண்டும். நமக்கு உயிரற்ற பொருள்களெல்லாம் அஃறிணை. இந்தியில் அவையும் ஆணாகவோ பெண்ணாகவோ இருந்தாக வேண்டும். 'புஸ்தக்' பெண்பால், 'கிரந்த்' ஆண்பால். 'சடக்' பெண்பால், 'ராஸ்தா' ஆண்பால். இங்கே தமிழறிவு உதவாது. புதிதாகவே கடைக்கால் தோண்ட வேண்டும். எது பழையது, எது புதியது என்று அறிந்த மாணவன், தன் உழைப்பைப் புதியதில் மட்டும் செலவிடுவான். பொது அடித்தளத்தால் விளையும் பெரும்பயன் இதுவே.

உறவு உதவி செய்வது போலவே, சில நேரங்களில் ஏமாற்றவும் செய்யும். கொச்சிக்கு நாம் வந்த முதல் மழைக்காலத்தில், பக்கத்து வீட்டு அம்மையார் ஒரு காலையில் கவலையோடு, "இந்நு வெள்ளம் வந்நில்ல" என்றார். நாம், "மிகவும் நல்லது" என்றோம். வெள்ளம் வரவில்லை என்றால் மகிழத்தானே வேண்டும்? அவர் நம்மை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சென்றார். குளிக்கப் போய்க் குழாயைத் திறந்தபோதுதான் பொருள் விளங்கிற்று. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். நாம் வெள்ளம் என்பதை அவர்கள் வெள்ளப்பொக்கம் என்பார்கள். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கேரளம் கண்ட பேரிடரின்போது அச்சொல்லை நாடே கேட்டது.

இவ்வாறே 'சம்சாரம்' நமக்கு மனைவி அல்லது இல்வாழ்க்கை, அவர்களுக்குப் பேச்சு. 'அவசரம்' நமக்கு விரைவு. அவர்களுக்கும் இந்தியார்க்கும் வாய்ப்பு. வடசொற்களில் இவ்வபாயம் மிகுதி. நமக்கு உபந்நியாசம் என்பது சமயச் சொற்பொழிவு, மலையாளத்தில் அது கட்டுரை, இந்தியில் நாவல். மலையாளத்தில் 'சிக்ஷ' என்றால் தண்டனை. இந்தியில் 'சிக்ஷா' என்றால் கல்வி. இரண்டும் ஒன்றென்று கருதும் மாணவரும் இருக்கக்கூடும்!

நம் தொழிற்பெயரே இச்சிக்கலுக்கு நல்ல எடுத்துக்காட்டு. மொழிபெயர்ப்பு இந்தியில் 'அனுவாத்'. மலையாளத்தில் 'அனுவாதம்' என்றால் அனுமதி. நம் மேசைமேல் 'அனுவாதக்' என்ற பலகையைக் கண்ட ஒரு முதியவர், தம் விண்ணப்பத்துக்கு அனுமதி வழங்கும் அதிகாரி நாம்தான் என்று எண்ணிப் பொறுமையாகக் காத்திருந்தார். மொழிபெயர்ப்புக்கு மலையாளத்தில் வழங்கும் சொற்களுள் ஒன்று 'பரிபாஷ'. அச்சொல்லே இந்தியில் வரையறையைக் குறிக்கும். தமிழிலோ பரிபாஷை என்பது குழுவினர்க்கே உரிய குறிப்புமொழி. ஒரு வேரிலிருந்து கிளைத்தவை நான்கு திசைக்கு நான்காய்ப் பிரிந்துவிட்டன. முதியவரிடம் நாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, உரிய அறைக்கு அழைத்துச் சென்றோம்.

இங்கேதான் நாம் நம் பழைய முடிவின் பிழையை உணர்ந்தோம். மொழியைச் செவியால் மட்டும் அறிந்தவனுக்கு உறவு தெரியும். உறவின் முறை தெரியாது. ஆகவே ஒத்த சொல்லைக் கண்டவுடன் ஒத்த பொருள் என்று நம்பி ஏமாறுகிறான். எழுத்தறிந்து, சொல்லைப் பிரித்துப் பார்க்கப் பழகியவனுக்கே விதியும் தெரியும், விலக்கும் தெரியும். வீட்டில் தமிழ் பேசினால் போதும் என்று நாங்கள் நினைத்தோமே, அது அடித்தளத்துக்குக் கல்லைக் கொண்டுவந்து குவித்துவிட்டு, கட்டாமல் விட்டதற்கு ஒப்பாகும்.

இனிச் செய்யக்கூடியது என்ன? பத்து வயதில் மீண்டும் அகரத்தில் தொடங்குவதா என்று மலைத்தோம். அப்போதுதான் ஓர் எளிய உண்மை புலப்பட்டது. தமிழிலிருந்து மலையாளத்துக்குச் செல்ல ஒரு பாதை உண்டென்றால், மலையாளத்திலிருந்து தமிழுக்குத் திரும்பவும் அதே பாதைதானே? குழந்தை மலையாள எழுத்தை நன்கு அறிவாள். ண, த, ப, வ போன்ற எழுத்துக்கள் இரு மொழியிலும் வடிவத்தால் நெருங்கியவை. மலையாள எழுத்து, கிரந்த எழுத்திலிருந்து வளர்ந்தது. தமிழ் எழுத்தும் அதற்கு அயலன்று. அவளுக்கு நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியிருந்தவை சில வடிவங்களும், ஒரே ககரத்தை இடம் நோக்கி ஒலிக்கின்ற முறையுமே. இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்ற அச்சத்தை முதலில் நீக்கினோம். உயிர் 12, மெய் 18. ஆய்தம் ஒன்று நீங்கலாக, மற்றவை இவற்றின் சேர்க்கை.

ஒரு குறிப்பேட்டை எடுத்து, பக்கத்தை இரண்டாகப் பகுத்தோம். இடப்பக்கத்தில் அவள் மலையாளச் சொல்லை எழுதுவாள். வலப்பக்கத்தில், விதியைக் கொண்டு தமிழ்ச் சொல்லைத் தானே கண்டு எழுதுவாள். 'மல' என்றால் மலை. 'கட' என்றால் கடை. 'தேங்ங' என்றால் தேங்காய். குறிப்பேட்டின் கடைசியில் தனிப்பக்கம் ஒன்று வைத்தோம். வெள்ளம், சம்சாரம், அவசரம் முதலான ஏமாற்றுச் சொற்களுக்கு அது உறைவிடம். நாள்தோறும் இரவு உணவுக்குப் பின் கால்மணி நேரம். அதற்கு மேல் இல்லை. அவளுக்கு அது பாடமாகத் தோன்றவில்லை, விடுகதையாகத் தோன்றியது. சில வாரங்களில் அவளே நம்மைக் கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

நேயர்களே, உங்கள் குழந்தை கன்னடம் படிக்கிறதா? 'ஹாலு'விலிருந்து பாலுக்கு அழைத்து வாருங்கள். தெலுங்கு படிக்கிறதா? 'கோடி'யிலிருந்து கோழிக்கு அழைத்து வாருங்கள். இந்தி மட்டுமே படிக்கிறதா? நெடுங்கணக்கின் வரிசையிலிருந்து தொடங்குங்கள். அயலூர் மொழியைத் தமிழுக்குப் பகையாகக் கருத வேண்டா. அதுவே தமிழுக்குத் திரும்பும் படியாகலாம். வீட்டில் கற்பிக்க இயலாதோர்க்கு, 2001-இல் தொடங்கப்பெற்ற தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன.

கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஒரு மாலை நடந்து பாருங்கள். கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் உருதுவும் மலையாளமும் சில தெருக்களுக்குள்ளேயே காதில் விழும். தலைமுறை தலைமுறையாக அங்கு வாழும் வணிகரும் தொழிலாளரும் அயலார் மொழியைக் கற்றார்கள். தம் மொழியையும் விடவில்லை. ஒன்றை வைத்துக்கொள்ள மற்றொன்றை எறிய வேண்டும் என்ற எண்ணம் அத்தெருக்களில் வேர்கொள்ளவில்லை. படித்த நாம்தான் அவ்வாறு எண்ணிவிட்டோம்.

ஓராண்டு கழிந்தது. எங்கள் மகள் தன் ஆச்சிக்கு ஒரு கடிதம் எழுதினாள். நாம் திருத்தித் தருகிறோம் என்றோம். அவள் காட்ட மறுத்துவிட்டாள். அஞ்சலிலிட்ட பிறகே, தான் எழுதியதை நமக்குச் சொன்னாள். அதில் 'மஞ்சள்' என்பதை 'மஞ்ஞள்' என்று எழுதிவிட்டதாக அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. ஆச்சிக்குப் புரியாதே என்று கண்கலங்கினாள்.

பத்து நாளில் மறுமொழி வந்தது. உறையை அவளே பிரித்தாள். கூடத்தின் நடுவில் நின்று, எழுத்துக்கூட்டி, உரக்கப் படித்தாள். மஞ்சளைப் பற்றி ஆச்சி ஒன்றும் எழுதவில்லை. 'உன் கடிதாசியை நானே நாலு தரம் படித்தேன். இனி உன் அப்பன் நடுவில் வர வேண்டாம்' என்று எழுதியிருந்தார்கள்.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இத்தனை ஆண்டுகள் இருந்த நமக்கு, வேலை போய்விட்டது என்று கேட்டு மகிழ்ந்த நாள் அது ஒன்றே.